அறுபத்து நான்காம் கண்ணி

காலை 8.10.

இன்குபேட்டரின் கதவைத் திறந்த லேப் தலைவி மேடம், திறந்த கை திறந்தபடியே நின்றுவிட்டார்.

மேல் தட்டில் இருபத்து நான்கு கண்ணாடிக் குழாய்கள். நேற்று சாயங்காலம் வைத்தபோது தண்ணீர் போலத் தெளிவாக இருந்தவை. இப்போது இருபத்து நான்கும் பாலாய் வெளுத்து, அடியில் கசடு தட்டிக் கிடந்தன. அந்தக் குழாய்களில் இருந்தது ஒரு புரதம். பூச்சிமருந்து குடித்தவர்களின் ரத்தத்தில் இறங்கி விஷத்தை உடைப்பதற்காக நான்கு வருடம் பாடுபட்டுச் செய்தது. உடம்புச் சூடான முப்பத்தேழு டிகிரியில் ஒரு ராத்திரி தாங்கினால் போதும் என்றுதான் உள்ளே வைத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு அதைப் பார்க்க மருத்துவமனைக்காரர்கள் வருவதாக ஏற்பாடு.

"யாரு சூட்டைக் கூட்டினது?"

மேடம் கத்திய கத்தலில் வராந்தாவில் போனவர்கள்கூட உள்ளே வந்துவிட்டார்கள். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. இன்குபேட்டரின் நெற்றியில் ஒரு வட்டத் தாள் நாளெல்லாம் மெல்லச் சுற்றும். ஊதா மை பேனா ஒன்று அதன்மேல் சூட்டைக் கோடாக எழுதிக்கொண்டே வரும். தாளைக் காணோம். பேனா வெறும் தகட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தது.

எல்லார் கண்ணும் ஒரே ஆள் மேல் போய் நின்றது. லேப் டெக்னீஷியன். வயது முப்பத்து நான்கு. இன்குபேட்டரின் பொறுப்பும் அவளிடம், தாள் மாற்றும் வேலையும் அவளுடையது. அவளைப் பாப்பா என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். காரணம், அதே லேபில் கம்ப்யூட்டரில் புரதம் வடிவமைக்கும் அவளுடைய அண்ணன் அப்படிக் கூப்பிட்டதுதான். தற்காலிக வேலை. இந்த மாதக் கடைசியில் நிரந்தரம் ஆக வேண்டியது.

பாப்பா ஒரு தடவை நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

காலை 8.40.

இன்ஸ்பெக்டர் வந்தார். போலீசிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. இங்கே பாதுகாப்பு அதிகாரி. ஆனாலும் எல்லாருக்கும் அவர் இன்ஸ்பெக்டர்தான், அவருக்கும்தான். அதுதான் வினை. குனிந்த தலையைப் பார்த்ததும் பழைய கை துறுதுறுத்தது.

"பையைக் கொட்டும்மா."

"சார்?"

"மேஜை மேல கொட்டு. எல்லாரும் பார்க்கட்டும். நான்தான் உள்ள வெச்சேன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது."

அவள் கொட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இரண்டு டிபன் பாக்ஸ். பல் உடைந்த சீப்பு. பஸ் டிக்கெட். தலைவலி மாத்திரை. கடைசியில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை மட்டும் எடுக்காமல் பையிலேயே கை வைத்து மூடிக்கொண்டாள்.

"அது என்ன?"

"அது வேண்டாம் சார்."

"வேண்டாம்னா என்ன அர்த்தம்? குடு இப்படி."

வாங்கி அவரே பிரித்தார். வட்டத் தாள் இல்லை. மாதத்தில் மூன்று நாள் எந்தப் பெண்ணும் பையில் வைத்திருக்கிற சமாச்சாரம். சுற்றி நின்ற ஆண்கள் ஏழு பேர். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் செல்போனைப் பார்த்தார், அண்ணன் தரையைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் பொட்டலத்தை மறுபடி சுற்ற முயன்றார், தாள் கிழிந்தது.

சீ, இவரெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அவருக்கும் அந்த நிமிடம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு டிபன் பாக்ஸ் எதுக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணு அண்ணனுக்கு. எப்பவும் அவர் ஸ்கூட்டர்லதான் ரெண்டு பேரும் வருவோம். இன்னைக்கு அவர் சாப்பாடுகூட எடுக்காம முன்னாடியே கிளம்பிட்டார். நான் பஸ்ல வந்தேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு முப்பத்தஞ்சு. வாசல் மெஷின்ல விரல் வெச்சேன், பார்த்துக்கங்க."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வர்றவங்களுக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லியாச்சு. இப்படி ஒரு அவமானம் எனக்கு இதுவரைக்கும் வந்ததில்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இவளை அனுப்புற லெட்டர்ல கையெழுத்துப் போடுறேன். அதுக்குள்ள உங்க ரிப்போர்ட் வேணும்."

காலை 9.30. மேடத்தின் அறை.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. புரதம்னா என்ன?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

சுவரில் ஒரு நீளமான அச்சுத் தாள் ஒட்டியிருந்தது. மேடம் எழுந்து அதன் பக்கம் போனார். பாடம் நடத்துவதென்றால் அவருக்குக் கோபம்கூட மறந்துவிடும்.

"ஒரு நீளச் சங்கிலின்னு வெச்சுக்கங்க. ஒவ்வொரு கண்ணியும் ஒரு அமினோ அமிலம். ஒவ்வொரு கண்ணியிலேர்ந்தும் பக்கவாட்டுல ஒரு வால் நீட்டிக்கிட்டிருக்கும். பக்கச் சங்கிலின்னு பேரு. சில வாலுக்குத் தண்ணி பிடிக்கும், சிலதுக்குத் தண்ணின்னாலே ஆகாது. அதனால சங்கிலி தானா சுருண்டுக்கும். தண்ணி ஆகாததெல்லாம் உள்ளே போய் ஒண்ணோட ஒண்ணு நெருக்கிப் பொருந்திக்கும். மேடு இருக்கிற எடத்துல பள்ளம், பள்ளத்துல மேடு. நடுவுல இடைவெளியே இருக்காது. அந்த நெருக்கம்தான் புரதத்தைப் பிடிச்சு நிக்க வைக்குது."

"என் சம்சாரம் பொட்டி அடுக்குற மாதிரி. குலுக்கினா ஒண்ணும் ஆடாது."

"அதேதான். உள்ளே ஒரு பெரிய வாலை எடுத்துட்டுச் சின்னதா ஒண்ணு வெச்சீங்கன்னா, அங்க ஓட்டை விழுந்துடும். குளிர்ல எப்படியோ சமாளிச்சு நிக்கும். கொஞ்சம் சூடு பட்டா பொலபொலன்னு பிரிஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு வெள்ளையாப் போயிடும்." அவர் விரல் தாளில் ஒரு பெரிய வளையத்தைத் தொட்டது. "இதோ, நாப்பத்தொண்ணாவது கண்ணி. நட்டநடுவுல இருக்கிற இந்த வளையத்தைச் சுத்தித்தான் மத்ததெல்லாம் அடுக்கியிருக்கு."

"எல்லா வாலும் உள்ளேதான் பார்க்குமா?"

"அது எப்படி முடியும்? சங்கிலி பட்டையா நீளுற எடத்துல ஒண்ணு உள்ளே பார்க்கும், அடுத்தது வெளியே பார்க்கும், அதுக்கடுத்தது உள்ளே. மாறி மாறி."

"நேத்து வெச்சதுல புதுசா என்ன?"

"ஒரே ஒரு மாற்றம். பழைய புரதத்துல அறுபத்து நாலாவது கண்ணி, தண்ணி ஆகாத ஆளு, வெளியே நீட்டிக்கிட்டு இருந்தான். அதனால ஒரு வாரம் வெச்சிருந்தா பக்கத்துப் புரதத்தோட போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அவனை எடுத்துட்டுச் சின்னவனைப் போடச் சொல்லித் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தேன். வடிவமைச்சு ஆர்டர் போட்டது பாப்பாவோட அண்ணன். போன வாரம் வந்துச்சு. எடை போட்டுப் பார்த்தோம், கணக்குச் சொன்ன எடை அப்படியே இருந்துச்சு. புரதத்துல தப்பே கிடையாது இன்ஸ்பெக்டர். சூட்டைக் கூட்டியிருக்கா, பயந்துபோய்த் தாளைக் கிழிச்சிருக்கா."

"பழைய புரதம் எவ்வளவு சூடு தாங்கும்?"

"அம்பது டிகிரி. அதுக்கு மேல போனா அதுவும் பால்தான்."

காலை 10.45. அண்ணனின் அறை.

நாற்பது வயது. அடுத்த மாதம் குழுத் தலைவராகப் போகிறவன் என்று பேச்சு. எண்ணெய் வடிந்த முகம், கசங்கிய சட்டை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து எத்தனை நாளோ, தூசியும் ரேகையும், நடுவில் ஊதாவாய் ஒரு திட்டும். கைகள் மட்டும் இப்போதுதான் சோப்புப் போட்டுத் தேய்த்ததுபோல் சுத்தம்.

"எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஆறு அம்பது. நேரா இந்த ரூமுக்குத்தான். லேபுக்குள்ள போனது எட்டுக்கு மேலதான்."

"ஏன் அவ்வளவு சீக்கிரம்?"

"பெரிய நாளாச்சே சார். தூக்கம் வரல."

திரையில் புரதம் வண்ண வண்ண முடிச்சாகச் சுழன்றது. இன்ஸ்பெக்டர் நடுவில் இருந்த பெரிய வளையத்தைக் காட்டினார். "இது யாரு?"

"இதுவா? நாப்பதாவது கண்ணி. இதைச் சுத்தித்தான் மத்ததெல்லாம் அடுக்கியிருக்கு."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "உங்க தங்கச்சியைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

அவன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டான். "வேணும்னு பண்ணியிருக்க மாட்டா சார். கை தவறிச் சூட்டைக் கூட்டியிருக்கலாம். மனுஷங்கதானே."

கூடப் பிறந்தவன் சொல்கிற வார்த்தையா இது? இன்ஸ்பெக்டருக்கே சுருக்கென்றது.

பகல் 12.15. லேப்.

இன்குபேட்டர் பக்கத்து ஆணியில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை தொங்கியது.

"இது எதுக்கும்மா?" என்று பாப்பாவைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"தாள் மாத்தத்தான் சார். அந்த மை கையில பட்டுச்சுன்னா அரை மணி நேரம் தேய்க்கணும். கண்டதுலயும் ஒட்டிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல தெரியாம மூக்குல தடவிக்கிட்டு நாள் பூரா சுத்தியிருக்கேன்." சிரிப்பதுபோல் ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

"கீழ்த் தட்டுல அந்த டப்பா?"

"பழைய புரதம் சார், நாலு குழாய். ஒப்பிட்டுப் பார்க்க எப்பவும் கூடவே வைப்போம். பத்து மணிக்குத் திறக்கிறது வழக்கம். இன்னைக்கு இந்தக் களேபரத்துல யாரும் திறக்கல."

இன்ஸ்பெக்டர் திறந்தார். நான்கு குழாயும் பளிங்காக இருந்தன.

வெகு நேரம் அவற்றையே பார்த்தார். அப்புறம், "புதுசுல மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. குளிரறையில் இரண்டு குழாய், இரண்டும் தெளிவாகவே இருந்தன. அதில் ஒன்றை வாங்கி இன்குபேட்டரில் வைத்தார். பக்கத்திலேயே ஒரு சாதாரண தெர்மாமீட்டர். கதவைச் சாத்தி, வாட்ச்மேனை நாற்காலி போட்டு எதிரில் உட்காரவைத்தார்.

"யாரையும் தொட விடாத. என்னையும் சேர்த்துத்தான்."

பாப்பாவின் கண் கலங்கியது. சந்தோஷத்தில் இல்லை. அவர் எங்கே போய்ச் சேரப்போகிறார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இதோட விட்டுடுங்களேன் சார். அஞ்சு மணிக்கு நான் கிளம்பிக்கிறேன்."

"ஏம்மா?"

அவள் ஆணியில் தொங்கிய கையுறைகளை நேராக்கினாள்.

பிற்பகல் 3.00.

இன்ஸ்பெக்டர் தன் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நாற்பத்தொன்று என்றார் மேடம், நாற்பது என்றான் அண்ணன். ஒரே வளையம்.

இருபது வருடத்துக்கு முந்திய ஒரு விடியற்காலை அவருக்கு ஞாபகம் வந்தது. திருடன் ஐந்தாவது வீட்டில் இருக்கிறான் என்று தகவல். சொன்னவன் தெருமுனைக் கடையையும் சேர்த்து எண்ணியிருந்தான். இவர் கடையை விட்டுவிட்டு எண்ணினார். ஒரு வீடு தள்ளிப் போய், கதவை உடைத்து, தூங்கிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பெண்டாட்டி பிள்ளைகள் எதிரிலேயே அறைந்தார். தப்பான வீடு என்று தெரிந்த பிறகும் மன்னிப்புக் கேட்காமல் ஜீப்பில் ஏறினார். இத்தனை வருடத்தில் அந்தத் தெரு வழியாக ஒரு நாளும் போனதில்லை.

இன்று காலை அந்தச் செய்தித்தாள் கிழிந்த சத்தம் காதிலேயே இருந்தது. எழுந்து போய் மேடத்திடம் ஆர்டர் தாளைக் கேட்டு வாங்கினார்.

மாலை 4.30. மேடத்தின் அறை.

மேடம், அண்ணன், பாப்பா. மேஜை மேல் டைப் அடித்த லெட்டர். இன்ஸ்பெக்டர் அதன் பக்கத்தில் இரண்டு குழாய்களை வைத்தார். ஒன்று தெளிவு, ஒன்று பால்.

"தெளிவா இருக்கிறது பழைய புரதம். நேத்து ராத்திரி பூரா அதே இன்குபேட்டர்ல கீழ்த் தட்டுல இருந்துச்சு. சூடு அம்பதைத் தாண்டியிருந்தா இதுவும் போயிருக்கும்னு நீங்களே சொன்னீங்க மேடம். ஆக, பெரிய சூடு எதுவும் இல்ல. வெளுத்திருக்கிறது புதுசு. குளிரறையிலேர்ந்து எடுத்து நான் வெச்சேன். தெர்மாமீட்டர் முப்பத்தேழைத் தாண்டல. வாட்ச்மேன் சாட்சி. மூணே மணி நேரத்துல இப்படி ஆயிடுச்சு."

மேடம் குழாயைக் கையில் எடுத்தார். "அப்படின்னா..."

"நேத்து சூடு சரியாத்தான் இருந்திருக்கு. காணாமப்போன தாள்லயும் கோடு முப்பத்தேழுலதான் ஓடியிருக்கும். அந்தத் தாள் இருந்தா பாப்பாவுக்கு நல்லது. அவ எதுக்குக் கிழிக்கணும்? சூடு சரின்னு தெரிஞ்சா புரதத்தைத்தான் சந்தேகப்படுவாங்க, அதுக்குப் பயந்தவங்கதான் கிழிக்கணும்."

"புரதத்துல என்ன தப்பு? எடை சரியா இருந்துச்சே!"

"எண்ணிக்கையில தப்பு. நடுவுல இருக்கிற வளையத்தை நீங்க நாப்பத்தொண்ணுன்னு சொன்னீங்க. இவர் நாப்பதுன்னு சொன்னார்."

மேடத்தின் முகம் மாறியது. சட்டென்று அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ முதல் கண்ணியை எண்ணுறதில்லையா?"

அண்ணன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "புரதம் உருவாகிற செல்லுக்குள்ளயே அது உதிர்ந்துடும் மேடம். நான் அதை விட்டுட்டுத்தான் எண்ணுவேன். நீங்க குடுக்கிற நம்பர்ல எப்பவும் ஒண்ணைக் கழிச்சுக்குவேன்."

"இந்தத் தடவை?"

இன்ஸ்பெக்டர் ஆர்டர் தாளை விரித்தார். "இந்தத் தடவை கழிக்கல. சீட்டுல இருந்த அறுபத்து நாலை அப்படியே போட்டார். அவர் கணக்குல அறுபத்து நாலு, உங்க கணக்குல அறுபத்தஞ்சு. ஒண்ணு வெளியே பார்க்கும், அடுத்தது உள்ளே பார்க்கும்னு சொன்னீங்க. வெளியே நீட்டிக்கிட்டிருந்தவன் அப்படியே இருக்கான். உள்ளே அடுக்கியிருந்த பெரியவனை எடுத்துட்டுச் சின்னவனைப் போட்டுட்டார். நெருக்கத்துல ஓட்டை விழுந்துடுச்சு."

"எடை..." என்று ஆரம்பித்த மேடம் சுவர்த் தாளுக்கு ஓடினார். விரலை வைத்தார். "அறுபத்து நாலும் அறுபத்தஞ்சும் ஒரே வகை. ரெண்டு பேரும் லூசின். எவனை மாத்தினாலும் எடை ஒண்ணுதான்." குரல் இறங்கிப்போனது. "ஆர்டர்ல என் கையெழுத்தும் இருக்கே. படிக்காமயே போட்டிருக்கேன்."

"ஆறு அம்பதுக்கு வந்தவர் நேரா லேபுக்குப் போய்ப் பார்த்திருக்கார். வெளுத்துக் கிடந்திருக்கு. திரையில தேடிப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. திரும்பி வந்து தாளை எடுத்திருக்கார், கையுறை இல்லாம. கையைத் தேய்ச்சுக் கழுவிட்டார். ஆனா நொடிக்கு ஒரு தடவை அந்த விரலாலதான் கண்ணாடியைத் தள்ளுவார். அதைக் கழுவ மறந்துட்டார்."

அண்ணன் கை தன்னையறியாமல் மூக்குக் கண்ணாடிக்குப் போய், பாதி வழியில் நின்றது. பிறகு மெல்லக் கழற்றினான். நடுப்பாலத்தில் ஊதாத் திட்டு.

"மெஷின் கோளாறுன்னு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்," என்றான். "பாப்பா மேல வரும்னு சத்தியமா நினைக்கல."

"வந்தப்புறம்?" இது மேடம்.

அவன் கண்ணாடியைக் கையிலேயே திருப்பிக்கொண்டிருந்தான். கண்ணாடி இல்லாத அந்த முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"காலையிலேயே எனக்குத் தெரியும் சார்," என்றாள் பாப்பா. அறைக்குள் முதல் தடவையாக அவள் குரல். "அண்ணன் முகத்தைப் பார்த்தவுடனே தெரிஞ்சுபோச்சு. அந்த மை எனக்குத் தெரியாதா?"

இன்ஸ்பெக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் அவள் குனிந்த தலை. குற்றம் செய்தவள் குனிகிறாள் என்று நினைத்துத்தானே அந்தப் பையைக் கொட்டச் சொன்னார்? அவள் வெட்கப்பட்டது அண்ணனுக்காக.

"நம்பர் தப்பாப் போச்சுன்னு சொல்லியிருந்தா மேடம் ஒரு மணி நேரம் கத்தியிருப்பாங்க. அப்புறம் வேற ஆர்டர் போட்டிருப்பாங்க. அவ்வளவுதானேண்ணா?"

மேடம் மறுக்கவில்லை. லெட்டரை எடுத்து நாலாகக் கிழித்து, கிழித்த துண்டுகளை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"உன் பையைப் பிரிச்சப்போ சொல்லிடணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு பாப்பா," என்றான் அண்ணன்.

"எனக்கும்தான் வந்துச்சு," என்றாள் அவள்.

அண்ணன் முகத்தை மூடிக்கொண்டான். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். "அம்மா, காலையில நான் செஞ்சது ரொம்ப அசிங்கம். நாளைக்கு எல்லாரையும் கூப்பிட்டு, அவங்க முன்னாடி உங்ககிட்ட மன்னிப்பு..."

"வேண்டாம் சார். அத்தனை பேர் முன்னாடி மன்னிப்புக் கேட்டீங்கன்னா, எதுக்குன்னு அத்தனை பேரும் மறுபடி நினைச்சுப் பார்ப்பாங்க. பையில ஒண்ணும் இல்லன்னு மட்டும் ரிப்போர்ட்ல எழுதிடுங்க. எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

அவர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். படித்துக் காட்டினார். 'சோதனையில் எதுவும் கிடைக்கவில்லை. சோதனை செய்த முறை தவறு, தவறு என்னுடையது.' பாப்பா கேட்டுவிட்டுத் தலையசைத்தாள்.

மாலை 5.20. வாசல்.

அண்ணன் ஸ்கூட்டரைக் கிளப்பி, பின் சீட்டைக் கையால் துடைத்துவிட்டுக் காத்திருந்தான். பாப்பா வந்தாள். பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். மத்தியானம் அவன் வாங்க வரவே இல்லை. கனம் குறையாமல் அப்படியே இருந்தது.

"நான் பஸ்ல வர்றேன். நீ போய் அண்ணிகிட்ட நடந்ததைச் சொல்லிடு. நான் வந்து சொல்ற மாதிரி வெச்சுடாத."

சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஸ்கூட்டரில் இருபது நிமிடம். அண்ணன் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, என்ஜின் ஓட ஓட, வண்டியை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவளுடைய பஸ் வந்து, அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.